பின்னால் கண்ணாடி இருக்கிறது

சென்ற கத்திரி வெயிலில் ஒரு நாள், பரணை ஒழுங்குபடுத்தியபோது பழைய அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே பதினேழு ஒலிநாடாக்கள் இருந்தன. பெரும்பாலானவை நாகூர் இ.எம். ஹனிபா அவர்கள் பாடியவை. இரண்டு, எகிப்து நாட்டுக் காரி அப்துல் பாசித் அவர்களின் கிராஅத். அவற்றுள் ஒன்று மட்டும் தட்டையாக இல்லாமல் அப்பளம்போல் வளைந்திருந்தது. 1990-களில் ஒரு மே மாதத்தில், வெயிலில் நின்ற மாருதி காரின் டேஷ்போர்டின் மேல் அதனை மறந்து வைத்துவிட்டு, ஜும்ஆ முடிந்து திரும்பியபோது அது அவ்வாறு உருகிப்போயிருந்தது. பெட்டியைக் கண்டதும் நன்னா அந்த நாடாவைத்தான் முதலில் கையிலெடுத்தார். ஓட்டிக் கேட்க முடியாத நாடாவை முப்பது ஆண்டுகளாக ஏன் வைத்திருந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. பின்னர் அந்தக் கோடையே அதற்கு விடை சொன்னது.

நன்னா எங்களுள் ஒருவரைப் பெற்றவர், மற்றவருக்கு மாமனார். பிள்ளைகள் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு இப்போது வீட்டில் எல்லோருக்கும் அவர் நன்னாதான். பரங்கிப்பேட்டையில் பிறந்து, பழுப்பு நிலக்கரி தந்த வேலையால் நெய்வேலிக்கு வந்தவர். 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1957-இல் பண்டித நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த பிறகு எழுந்த ஊர் இது. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வட்டம் வட்டமாகக் குடியமர்ந்த இந்த நகரியத்தில் யாருக்கும் பூர்வீகம் கிடையாது. கோடை விடுமுறை வந்தால் ஒவ்வொரு குடும்பமும் தத்தம் ஊரை நோக்கிப் புறப்பட்டுவிடும். எங்கள் குடும்பம் பரங்கிப்பேட்டைக்குப் புறப்படும். அங்கே நன்னாவின் லாத்தா இருக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் அவரால் ஒரு மாதத்தைக் கடத்த இயலாது, நன்னாவுக்கும் அவ்வாறே.

ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் ஏறத்தாழ வாரந்தோறும் அந்தப் பயணம் நடக்கும். ஆர்ச் கேட்டைத் தாண்டினால் வடலூர்; அங்கிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி, பரங்கிப்பேட்டை. சேத்தியாத்தோப்பிலிருந்து வெள்ளாறும் நம்மோடு கடலை நோக்கி வரும். மே மாதத்தில் அது வெறும் மணலாகத்தான் வரும். வெயிலின் கொடுமையால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டாக வேண்டும். அடைபட்ட அந்தச் சிறு அறைக்குள் ஐந்து பேர் ஒன்றரை மணி நேரம் எதைக் கேட்பது என்பதே எங்கள் வீட்டின் கோடைக்காலச் சிக்கலாக இருந்தது.

சகோதர சகோதரிகளே, இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். எங்களுக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது.

பதினேழு வயது மகனுக்கு ஏ.ஆர். ரகுமான். ‘ஜோதா அக்பர்’ படத்தின் கவ்வாலியில் தொடங்கி எங்கெங்கோ போய்விடுவான். பதின்மூன்று வயது மகள் மத்ரஸாவில் ஓதுகிறாள். இசைக்கருவிகள் ஒலிக்கும் எதையும் கேட்க மாட்டாள். சண்டையிடவும் மாட்டாள், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மெல்லிய குரலில் திக்ரு செய்வாள். அந்த மௌனம் சண்டையைவிட எங்களைக் கடுமையாகத் தைத்தது. எங்களுள் ஒருவருக்குப் பழைய திரைப்பாடல்கள் வேண்டும். மற்றவருக்கு எதுவுமே வேண்டாம், அமைதி போதும். நன்னாவுக்கு ஹனிபா மட்டுமே. அதுவும் உரக்க.

முறை வைத்துப் பார்த்தோம். வடலூர் வரை ஒருவர், சேத்தியாத்தோப்பு வரை ஒருவர் என்று சாலையைப் பங்கு பிரித்தோம். அது பாகப்பிரிவினையைப் போலவே முடிந்தது. வடலூரில் நெரிசல் ஏற்பட்டால் ஒருவருக்குக் கூடுதல் நேரம் கிடைத்துவிடும்; மற்றவர் கணக்குக் கேட்பார்.

சச்சரவு முற்றும்போது நாங்கள் குர்ஆன் ஓதலைப் போட்டுவிடுவோம். பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். அதை ஒரு நல்ல உத்தி என்றே பல மாதங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் பிள்ளைகள் அடங்கியதும் நாங்கள் பேசத் தொடங்குவோம். பெட்ரோல் செலவு, உறவினர் திருமணத்துக்கு எழுத வேண்டிய மொய், பள்ளிக் கட்டணம் ஆகிய அனைத்தையும் அல்லாஹ்வின் வேதம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பேசி முடிப்போம். ஒரு நாள் மகள் பின்னிருக்கையிலிருந்து தயக்கத்தோடு சொன்னாள்: “உம்மா, வாப்பா, ஓதும்போது பேசக் கூடாதுன்னு அஃராஃப் சூராவுல வருதே.”

அஃராஃப் அத்தியாயத்தின் 204-ஆம் வசனம் அது. குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்திக் கேட்குமாறும் வாய்மூடி இருக்குமாறும் அல்லாஹ் அதில் கட்டளையிடுகிறான். தொழுகையில் இமாம் ஓதும் நேரத்தையே இவ்வசனம் முதன்மையாகக் குறிக்கிறது என்று விரிவுரையாளர்கள் பலர் விளக்கியிருப்பது உண்மைதான். ஆயினும் அந்த விளக்கத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளின் வாயை அடைப்பதற்காக வேதத்தைப் பயன்படுத்தி, எங்கள் வாயை மட்டும் திறந்து வைத்திருந்தோம். அன்று வெட்கப்பட்டோம்.

அடுத்த வாரம்தான் அந்த நிகழ்ச்சி நடந்தது.

சேத்தியாத்தோப்பைக் கடந்து சிறிது தூரம் போயிருப்போம். பகல் பதினொன்றரை மணி. சாலை முழுவதும் கானல் நீர். நன்னாவுக்காக ஹனிபாவின் பாடல் உச்ச ஒலியில் ஓடிக்கொண்டிருந்தது. பாடல் முடிந்து கைப்பேசியில் ஏதோ விளம்பரம் குறுக்கிட்டது. எங்களுள் வண்டியை ஓட்டியவர் அதனைத் தள்ளிவிடுவதற்காகப் பார்வையைக் கீழே இறக்கினார். மூன்று நொடிகள்தாம் இருக்கும். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி மூன்று நொடிகளில் ஐம்பது மீட்டர் ஓடிவிடும் என்பதை அதன் பிறகே கணக்கிட்டுப் பார்த்தோம். நிமிர்ந்தபோது, இருபுறமும் பலாப்பழங்களைக் கட்டிய டி.வி.எஸ். 50 வண்டியில் ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துச் சென்று, அவருக்கு ஒரு முழம் தொலைவில் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் காயம் இல்லை. ஒரு பழம் மட்டும் கயிறு அவிழ்ந்து சாலையில் உருண்டது.

இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் நாங்கள் அஞ்சியவாறு சினம் கொள்ளவில்லை. “ரெண்டு தடவ ஆரன் அடிச்சேன் சார். கண்ணாடியும் மூடியிருக்கு, பாட்டும் ஓடுது, எப்படிக் கேக்கும்? புள்ளைங்கள வச்சிக்கிட்டுப் போறீங்க, பாட்டக் கொஞ்சம் கம்மியா வச்சுக்குங்க” என்று மட்டும் சொன்னார். பழத்தை எடுத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, சாலையோரப் புளியமரத்தின் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டு அமர்ந்திருந்தோம். கைகள் நடுங்கின. ஒருவரும் பேசவில்லை.

நீண்ட நேரம் கழித்து நன்னா வாய் திறந்தார். “பாத்துப் போ வாப்பா. பின்னால கண்ணாடி இருக்கு.”

இந்தச் சொற்களை நாங்கள் நூறு முறையேனும் கேட்டிருப்போம். வண்டியை ஓட்டுபவர் யாராயினும் முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் நன்னா இதைச் சொல்வார். வண்டியின் பின்பக்கக் கண்ணாடியைத்தான் சொல்கிறார், பழைய காரில் ஒருமுறை அது உடைந்த நினைவு போலும் என்று எண்ணி, “சரிங்க” என்று கடந்துவிடுவோம். அன்று மகள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நன்னா, நீங்க சொல்றது அன்ஜஷா ஹதீஸா?”

அவருக்குக் காதில் விழவில்லை. அவள் முன்பக்கம் சாய்ந்து அவருடைய வலச்செவியருகே மீண்டும் கேட்டாள். நன்னா சிரித்தார். “ஆமா புள்ள. சின்ன வயசுல மீலாது மேடையில ஒரு ஆலிம் சொன்னாங்க. அப்போ கார் எங்க இருந்திச்சு, மாட்டு வண்டிதான். அப்போலேர்ந்து சொல்லிக்கிட்டு வர்றேன்.”

அந்த நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் அனஸ் (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் பயணம் ஒன்றில் அன்ஜஷா என்னும் இனிய குரலுடைய தோழர், பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்களைப் பாடி ஓட்டிச் சென்றார். ஒட்டகங்களை நடத்த அரபியர் பாடும் அப்பாடலுக்கு ‘ஹுதா’ என்று பெயர். பாட்டைக் கேட்டால் ஒட்டகம் களைப்பை மறந்து வேகமெடுக்கும். அப்போது நபி (ஸல்) அவர்கள் அன்ஜஷாவை அழைத்து, கண்ணாடிக் கலன்களைக் கொண்டு செல்கிறீர், மெதுவாகச் செல்வீராக என்னும் கருத்தில் அறிவுறுத்தினார்கள். கண்ணாடிக் கலன்கள் என்று அவர்கள் குறிப்பிட்டது ஒட்டகத்தின் மேலிருந்த பெண்களை. பாட்டினால் ஒட்டகம் விரைந்து அவர்கள் குலுங்கி வருந்தக் கூடாது என்பதே இதன் பொருள் என்று விளக்கியோர் உளர். இனிய குரல் மெல்லிய உள்ளங்களை அலைக்கழித்துவிடலாகாது என்பதே பொருள் என்று விளக்கியோரும் உளர்.

இந்த ஹதீஸை நாங்கள் முன்பே படித்திருக்கிறோம். ஆனால் அதனை இசையைப் பற்றிய வாதத்தில் எடுத்துக்காட்டும் ஆதாரமாக மட்டுமே அறிந்திருந்தோம். அது ஓட்டுநருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை என்பது, புளியமரத்தடியில் நடுங்கும் கைகளோடு அமர்ந்திருந்த அந்த நேரத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. பயணம், பாட்டு, வேகம், பின்னால் அமர்ந்திருக்கும் மெல்லிய உயிர்கள் ஆகிய நான்கையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள் எங்கள் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள். வேகமான தாளமுடைய இசை ஓட்டுநரையும் வேகமாக ஓட்டத் தூண்டுகிறது என்று, ஓட்டுதலைப் போலிசெய்யும் பொறிகளைக் கொண்டு இக்காலத்தில் நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒட்டகத்துக்கு நேர்ந்ததுதான் நமக்கும் நேர்கிறது.

அந்த வாரம் இருவரும் அமர்ந்து இசையைப் பற்றி அறிஞர்கள் கூறியிருப்பதை மீண்டும் படித்தோம். நாங்கள் ஆலிம்கள் அல்லர். தீர்ப்பு வழங்கும் தகுதி எங்களுக்கு இல்லை. படித்ததை மட்டும் பகிர்ந்துகொள்கிறோம். நான்கு மத்ஹபுகளைச் சார்ந்த அறிஞர்களுள் பெரும்பாலோர் இசைக்கருவிகளைக் கூடாதென்றே கூறுகின்றனர். திருமணம், பெருநாள் போன்ற வேளைகளில் தஃபுக்கு இசைவளிக்கின்றனர். லுக்மான் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் கண்டிக்கும் வீண்பேச்சு என்பது பாடலையே குறிக்கும் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கியதாக வரும் செய்தியையும், இசைக்கருவிகளைப் பற்றிப் புகாரியில் இடம்பெறும் நபிமொழியையும் அவர்கள் ஆதாரமாகக் காட்டுகின்றனர். மறுபுறம், ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் அவர்கள் தடைக்குக் காட்டப்படும் அறிவிப்புகள் வலுவற்றவை என்று வாதிட்டார். ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் செவியின்பத்துக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, கேட்பவரின் நிலை, பாடலின் பொருள், கருவியின் வகை ஆகியவற்றைப் பொறுத்துச் சட்டம் மாறும் என்று விரிவாக ஆராய்ந்துள்ளார். பாரம் சுமந்த ஒட்டகத்தின் மீது ஹுதா பாடல் செலுத்தும் ஆற்றலையும் அவர் அங்கே எடுத்துரைக்கிறார்.

கருவியில்லாத நல்ல பாடலில் இந்த அளவுக்கு வேற்றுமை இல்லை. ஹிஜ்ரி 7-இல் கைபரை நோக்கிச் சென்றபோது ஆமிர் இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் தோழர்களின் வேண்டுகோளுக்கிணங்கப் பாடி ஒட்டகங்களை நடத்தினார்கள். இவ்வாறு ஓட்டிச் செல்பவர் யார் என்று வினவிய நபி (ஸல்) அவர்கள், ஆமிர் என்று அறிந்ததும் அவருக்காக அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள். பாலைவனத்தின் கடும் பயணங்களில் பாட்டு இருந்திருக்கிறது. எந்தப் பாட்டு, யாருக்காக, எவ்வளவு என்ற கவனமும் கூடவே இருந்திருக்கிறது.

படித்தவை எங்களுக்கு ஒரு தெளிவைத் தந்தன. மகளின் பேணுதலை நாங்கள் இதுவரை ஒரு பிடிவாதமாகவே கருதி வந்தோம். அவள் நிற்பது பெரும்பான்மை அறிஞர்கள் நிற்கும் இடம். அவளைப் பின்னிருக்கையில் அடைத்துவைத்து, விரும்பாததைக் கேட்கச் செய்ய எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் நன்னா? வாழ்நாள் முழுவதும் ஹனிபாவின் குரலில் தீனைக் கேட்டு வளர்ந்த அவரிடம், இந்த வயதில் அது வேண்டாம் என்று யார் சொல்வது?

அதற்கான விடை, நாங்கள் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நன்னாவைச் செவி மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். வயது முதிரும்போது செவி முதலில் இழப்பது கூர்மையான மேல்நிலை ஒலிகளை என்று அவர் விளக்கினார். பேச்சில் உயிரெழுத்தின் ஒலிகள் பெரும்பாலும் தாழ்ந்தவை. ‘ச’, ‘ஸ’, ‘ஃப’ போன்ற மெய்யொலிகள் கூர்மையானவை. ஆகவே முதியவர்களுக்கு ஓசை கேட்கும், சொல் விளங்காது. ஒலியைக் கூட்டினால் ஓசைதான் பெருகுமேயன்றிச் சொல் தெளியாது. “கேக்குது, ஆனா புரியல” என்று நன்னா பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததன் பொருள் இதுவே.

வீட்டுக்கு வந்ததும் மகன் ஒரு சோதனை செய்தான். நன்னா கேட்டிராத ஹனிபாவின் பாடல் ஒன்றைத் தேடிப் போட்டான். நன்னா தலையசைத்துக் கேட்டார். “என்ன பாடுறாங்க நன்னா?” என்று வினவியபோது அவரால் சொல்ல இயலவில்லை. பிறகு அவருக்குப் பழக்கமான பாடலைப் போட்டான். முதல் ஓசையிலேயே அவர் கண்கள் ஒளிர்ந்தன, உதடுகள் அசைந்தன, ஒரு சொல்லும் தவறவில்லை. அந்தச் சொற்கள் ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை. அவருடைய நெஞ்சிலிருந்தே வந்தன. பாட்டு ஒரு சாவி மட்டுமே.

ஏன் அவர் ஹனிபாவை மட்டுமே கேட்கிறார், ஏன் அந்த உருகிய நாடாவைக்கூட எறியவில்லை என்பது அன்று விளங்கியது. புதிய சொல் ஒன்றும் அவரிடம் போய்ச் சேர்வதில்லை. ஏற்கெனவே உள்ளே சேர்த்துவைத்த சொற்களே அவருக்கு எஞ்சியிருக்கும் செல்வம். நாங்களோ அவர் ஒரே பாட்டைக் கேட்டு நச்சரிக்கிறார் என்று முணுமுணுத்திருக்கிறோம். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

ஹனிபா அவர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1925-இல் பிறந்து 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மறைந்த அவர், மீலாது மேடைகளிலும் திராவிட இயக்க மேடைகளிலும் ஒருசேர முழங்கியவர். இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அவருடைய பாடலை அறியாத தமிழர் அரிதினும் அரிது. எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வாழும் ஆசிரியை அக்கா முஸ்லிம் அல்லர். ஒரு நாள் வடலூர் வரை எங்கள் வண்டியில் வந்தவர், அந்தப் பாடலை எங்களுக்கு முன்பாகவே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். இந்த நகரியத்தில் மீலாது விழா ஒலிபெருக்கியைக் கேட்டு வளர்ந்தவராம்.

அடுத்த பயணத்தின்போது மகன்தான் ஒரு வழி கண்டான். ஆர்ச் கேட்டைத் தாண்டியதும் அவனுடைய முறை வந்தது. அவன் கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, முன்பக்கம் சாய்ந்து, “நன்னா, என் முறைய உங்களுக்குத் தர்றேன். நீங்க பாடுங்க” என்றான்.

நன்னா முதலில் மறுத்தார். பல் போன வாய், மூச்சு நிற்காது என்றார். மகள், “பாடுங்க நன்னா, நானும் கேப்பேன்ல” என்றாள். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். உயர்ந்த இடங்களுக்குக் குரல் போகவில்லை. பாதியில் மூச்சுவாங்க நிறுத்தினார். ஆர்மோனியம் இல்லை, தபேலா இல்லை. மகள் சன்னலைப் பார்க்காமல் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சில வரிகளுக்குப் பிறகு மகன் மெல்லத் தொடையில் தட்டித் தாளம் போட்டான். தங்கை அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். வண்டி ஓட்டியவர் தம்மையறியாமலே வேகத்தைக் குறைத்திருந்தார். அந்த மெல்லிய குரல் எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்றால் வண்டியின் இரைச்சல் குறைந்தாக வேண்டுமல்லவா?

அதன் பிறகு எங்கள் வண்டியில் ஓர் ஒழுங்கு தானாக அமைந்தது. புறப்படும்போது பயண துஆ. இந்த ஊர்தியை எங்களுக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன் என்று ஸுக்ருஃப் அத்தியாயம் கற்றுத்தரும் அந்த துஆவை மகன் உரக்கச் சொல்வான். நகரியத்தின் மர நிழலை விட்டு வெளியேறும்வரை, பத்து நிமிடங்கள் குர்ஆன். மகள் தேர்ந்தெடுப்பது எகிப்தின் காரி ஹுஸரீ அவர்களின் நிதானமான ஓதல். முழுக் குர்ஆனையும் தர்த்தீலாக ஓதி 1961-இல் ஒலிப்பதிவில் நிறைவு செய்தவர் அவர். அந்தப் பத்து நிமிடங்களில் ஒருவரும் வாய் திறப்பதில்லை; பேச வேண்டியிருந்தால் ஓதலை நிறுத்திவிட்டுப் பேசுகிறோம். பிறகு நன்னா. அவர் களைத்ததும் அமைதி அல்லது பேச்சு. கைப்பேசியைத் தொடும் பொறுப்பு பின்னிருக்கைக்கு மட்டுமே உரியது. மகன் தன் ரகுமானைத் தனியே காதில் மாட்டிக் கேட்பதுண்டு. அதை நாங்கள் அறிவோம். அதைப் பற்றி அவனோடு பேசிக்கொண்டிருக்கிறோம், ஆணையிடவில்லை. அவனும் பழைய ஒலியளவில் இப்போது வைப்பதில்லை. பாட்டனாரின் செவியைக் கண்ட பிறகு, தன் செவியின் அருமை அவனுக்குச் சிறிதேனும் தெரிந்திருக்கிறது.

எல்லாப் பயணங்களும் இவ்வாறு இனிதாகக் கழிந்தன என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நன்னாவுக்கு மனமில்லாத நாட்களும் இருந்தன. வெயிலில் எல்லோரும் எரிந்து விழுந்த நாட்களும் இருந்தன. பழைய திரைப்பாடலைக் கேட்க வேண்டும் என்ற ஆசை எங்களுள் ஒருவருக்கு இன்னும் விட்டபாடில்லை.

மே மாத இறுதியில் கடைசியாகப் பரங்கிப்பேட்டைக்குச் சென்றபோது, லாத்தா திண்ணையில் காத்திருந்தார். அவருக்கும் செவி மங்கிவிட்டது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, ஒருவர் கேட்பதற்கு மற்றவர் வேறெதையோ விடையாகச் சொல்லிக்கொண்டிருந்தனர். மகன் நன்னாவின் தோளைத் தொட்டு, பாடுங்கள் என்று சைகை காட்டினான். அவர் தொடங்கினார். லாத்தா தம்பியின் உதடுகளைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தாமும் தொடங்கினார். அது ஹனிபாவின் பாட்டன்று. அவர்களுடைய உம்மா அவர்களை உறங்கவைக்கப் பாடிய தாலாட்டாம். எங்களில் ஒருவரும் அதனை அதற்கு முன் கேட்டதில்லை. இருவரும் ஒரே இடத்தில் இல்லை; ஒருவர் ஓரடி முன்னால், மற்றவர் ஓரடி பின்னால். ஒருவர் குரல் மற்றவருக்குச் சரியாகக் கேட்கவுமில்லை. ஆயினும் கடைசி அடியில் இருவரும் ஒன்றாகவே வந்து நின்றனர்.

மகள் அதனை முழுமையாகக் கைப்பேசியில் பதிவுசெய்துவிட்டாள். இன்னொரு கோடை யாருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்தக் கோடையில் பயணங்கள் இருக்கும். என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அதனோடு ஒன்றை மட்டும் எங்கள் அனுபவத்திலிருந்து வேண்டிக்கொள்கிறோம். பாட்டைத் தேர்வதற்கு முன்பு ஒருமுறை திரும்பிப் பாருங்கள்; வண்டியில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள், யாருக்கு எது கேட்கிறது, யாருக்கு எது கேட்கவில்லை என்று பாருங்கள். ஒலிநாடாவும் கைப்பேசியும் இல்லாமலேயே பாடக்கூடியவர் ஒருவர் உங்கள் பக்கத்திலேயே அமர்ந்திருக்கலாம்.

நம் பெற்றோரின் செவிக்கும் நம் பிள்ளைகளின் உள்ளத்துக்கும் அல்லாஹ் பாதுகாப்பளிப்பானாக. சாலையில் நம்மையும் நம்மால் பிறரையும் காப்பானாக. ஆமீன்.

மெதுவாகச் செல்வோம். பின்னால் கண்ணாடி இருக்கிறது.